இடைமொழியும் ‘நாம் – நாங்கள்’ வேறுபாடும்: மும்பைத் தமிழை முன்வைத்து ஒரு திறனாய்வு

செயற்கை மொழிகளை இயற்கை மொழிகளிலிருந்து பிரித்தறியத் தோற்றம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது பொதுவழக்கு. ஒருவரோ ஒரு குழுவினரோ திட்டமிட்டு ஆக்கியது செயற்கை மொழி. ஆக்கியவர் இன்னார் எனச் சுட்ட இயலாதவாறு மக்கள் வழக்கில் உருவானது இயற்கை மொழி. இவ்வரையறை எளிமையானது, ஆனால் போதுமானதன்று. 1887இல் சமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோ இன்று சில குடும்பங்களில் தாய்மொழியாகவே பயின்று வருகிறது. அக்குடும்பங்களின் குழந்தைகள் இலக்கண நூலைப் புரட்டிப் பார்த்துப் பேசுவதில்லை. இதற்கு மாறாக, சமஸ்கிருத இலக்கணிகளும் நவ்விய நியாயத்தாரும் வாக்கியப் பொருளை விளக்குவதற்கென வளர்த்த ‘சாப்தபோத’ நடை இயற்கை மொழி ஒன்றின் சொற்களால் ஆனது. எனினும் எவரும் அந்நடையில் பசிக்குச் சோறு கேட்டிருக்க மாட்டார்.

இவ்வேறுபாட்டைக் கருதாமையால் விளைந்த குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1985இல் ரிக் பிரிக்ஸ் என்பார் ‘ஏஐ மேகசின்’ இதழில் எழுதிய கட்டுரையில், செயற்கை அறிவுத் துறையினர் அறிவைக் குறிக்கப் பயன்படுத்தும் வலைப்பின்னல்களும் சமஸ்கிருத இலக்கணிகளின் விளக்க முறையும் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். கட்டுரை காட்டிய ஒப்புமை பயனுள்ளதே. ஆயினும் அங்குச் சான்றாக நின்றது இலக்கணிகளின் துறைமொழி. காளிதாசனின் மொழியோ வீட்டில் பேசிய மொழியோ அன்று. கட்டுரையைப் படிக்காதவர்கள் அதன் தலைப்பை மட்டும் பற்றிக்கொண்டு, ‘கணிப்பொறிக்கு மிக உகந்த மொழி சமஸ்கிருதமே’ என இன்றளவும் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். எம்மொழியின் இலக்கணியும் தம் மொழியை விளக்குவதற்கு இத்தகைய துறைமொழி ஒன்றை அமைத்துக்கொள்ள இயலும். சேனாவரையர் உரையில் அதன் கூறுகளைக் காணலாம்.

ஆகவே தோற்றத்தைவிட நம்பத்தக்க அளவுகோல் வேறொன்று தேவை. விதி முந்தியதா, வழக்கு முந்தியதா என்பதே அது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கைப் பற்றி விதிக்கும் இடம் இங்கு நினைக்கத்தக்கது. உயர்வு கருதி அவ்வாறு வழங்குவதை ஏற்றுக்கொள்ளும் அவர், அது இலக்கண நெறிப்பட்டதன்று என்பதையும் உடன் கூறுகிறார். வழக்கு இலக்கணத்தை மீறி நடக்கிறது. இலக்கணி பின்னே சென்று அதற்கு இடமளிக்கிறார். செயற்கை மொழியில் இந்நிலை எழுவதற்கே வாய்ப்பில்லை. அங்கு விதியில் இல்லாதது பிழை.

பவாயில் ஓர் இடைமொழி

மும்பையின் வடகிழக்கே பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், இவ்வளவுகோலைச் செயல்முறையில் சோதித்துப் பார்ப்பதற்கான ஒரு களத்தைத் தந்தது. டோக்கியோவிலிருந்த ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக உயராய்வு நிறுவனம் ஹிரோஷி உச்சிதாவின் தலைமையில் 1996இல் ‘அனைத்துலக வலையமைப்பு மொழி’ (யு.என்.எல்.) என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பல நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் அதில் பங்கேற்றன. இந்தியாவில் மும்பைத் தொழில்நுட்பக் கழகத்தில் புஷ்பக் பட்டாச்சார்யாவின் குழு இந்தி, மராத்தி ஆகியவற்றுக்கான பணியை மேற்கொண்டது. அக்குழுவினர் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையிலான அமைப்பு வேறுபாடுகளை இவ்விடைமொழி வழியே கையாண்ட முறையை விளக்கி 2001இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் படிக்கத்தக்கது. தமிழுக்கான முயற்சிகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றன.

திட்டத்தின் கருத்து எளியது. பத்து மொழிகளை ஒன்றுக்கொன்று நேரே மொழிபெயர்க்கத் தொண்ணூறு மொழிபெயர்ப்பிகள் வேண்டும். நடுவில் பொதுமொழி ஒன்றை வைத்தால், ஒவ்வொரு மொழிக்கும் உள்ளே செல்ல ஒன்று, வெளியே வர ஒன்று என இருபது போதும். அப்பொதுமொழியில் மூன்று கூறுகள் உண்டு: கருத்தைக் குறிக்கும் ‘பொதுச்சொல்’, இரு கருத்துகளை இணைக்கும், நாற்பதுக்கு மேற்பட்ட ‘உறவு’, காலம், எண், பேசுவோன் நோக்கு முதலியவற்றைச் சுட்டும் ‘பண்புக்குறி’.

இவற்றுள் உறவுகளைப் பொறுத்தவரை இத்திட்டத்தைப் பாராட்டவே வேண்டும். மராத்தியில் ‘ராமானே சம்ச்யானே பாத் வாட்லா’ என்னும் வாக்கியத்தில் பரிமாறியவனும் கரண்டியும் ‘னே’ என்னும் ஒரே உருபை ஏற்கின்றனர். தமிழில் ‘இராமன் கரண்டியால் சோறு பரிமாறினான்’ என எழுவாய் உருபின்றியும், கருவி ‘ஆல்’ உருபு பெற்றும் நிற்கின்றன. சோறு ‘ஐ’ உருபின்றி வருகிறது. மராத்தியின் ‘னே’ போலவே தமிழின் மூன்றாம் வேற்றுமையும் கருவி, கருத்தா ஆகிய இரண்டுக்கும் உரியது என்பதும் நாம் அறிந்ததே. உருபுகளை ஒதுக்கி, வினைமுதல், செயப்படுபொருள், கருவி என்னும் உறவுகளை மட்டும் குறித்துக்கொண்டால் இரு மொழிகளுக்கும் இடையே தடையில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ போன்ற நான்காம் வேற்றுமைத் தொடர்களும் இவ்வாறே எளிதிற் கடக்கும். வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலே அமைத்த மரபினருக்கு, உருபும் உறவும் ஒன்றுக்கொன்று நேர் நிற்பதில்லை என்பது புதிய செய்தியன்று.

பொதுச்சொற்களின் நிலை அத்துணைச் சிறப்பானதன்று. ஒவ்வொரு பொதுச்சொல்லுக்கும் தலையாக நிற்பது ஓர் ஆங்கிலச் சொல். அதன் பல பொருள்களுள் எது என்பதை அடைமொழிக் குறி ஒன்று வரையறுக்கும். இளவேனில், ஊற்று, சுருள்வில் ஆகிய மூன்றும் ‘ஸ்பிரிங்’ என்னும் ஒரே தலையின் கீழ் மூன்று குறிகளோடு நிற்கும். தமிழர் ஒருபோதும் ஒன்றெனக் கருதாத மூன்று பொருள்கள், ஆங்கிலத்தில் ஒரே ஒலி பெற்றமையால் இங்கு உடன்பிறப்புகள் ஆகின்றன. நெல், அரிசி, சோறு எனத் தமிழர் மூன்றாகக் கண்டதோ ‘ரைஸ்’ என்பதன் கிளைகளாகிறது. ஆங்கிலத்தில் இல்லாத கருத்துகளுக்கு அவ்வம்மொழிச் சொல்லையே பொதுச்சொல்லாகச் சேர்க்க விதி இடம் தருகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் அவ்வாறு சேர்க்கும்போது அதன் பொருள் ஆங்கில வகைப்பாட்டின்கீழ்ப் பொருத்தியே காட்டப்படுகிறது. அனைத்துலகுக்கும் உரியது எனத் தொடங்கிய மொழிக்குத் தாய்வீடு ஒன்று இருந்தது.

‘நாம்’ யார்?

இத்திட்டத்தின் உண்மையான எல்லை சொற்களில் இல்லை; இலக்கணம் கட்டாயமாகக் கேட்கும் செய்திகளில் உள்ளது. மொழிகள் தாம் கூற இயன்றவற்றால் வேறுபடுவதைவிடக் கூறியே ஆகவேண்டியவற்றால் வேறுபடுகின்றன என்பது ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதியபோது நிலைநாட்டிய கருத்து. தமிழின் தன்மைப் பன்மை இதற்குத் தக்க சான்று. கேட்போரை உளப்படுத்துவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. மும்பையின் பெருமொழியான மராத்தியிலும் இவ்வேறுபாடு உண்டு: ‘ஆபண்’ உளப்படுத்தும்; ‘ஆம்ஹீ’ விலக்கும். இந்தியின் ‘ஹம்’, ஆங்கிலத்தின் ‘வீ’, எஸ்பெராந்தோவின் ‘நி’ ஆகிய மூன்றிலும் இவ்வேறுபாடு இல்லை. மொழிக்குடும்பத்தால் வேறுபட்ட தமிழும் மராத்தியும் இவ்விடத்தில் இந்தியைவிட ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கின்றன.

இதன் விளைவைத் தாராவியில் வைத்துக் காணலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காக வந்த தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குடியேறிய இடம் அது. தாராவியின் முதற் பள்ளிவாசலான படி மஸ்ஜித் தொடங்கியதும் எஸ்பெராந்தோ நூல் வெளிவந்ததும் ஒரே ஆண்டில் என்பது தற்செயலானதே. 2004 முதல் மறுமேம்பாட்டுத் திட்டம் பற்றிய பேச்சு அங்கு ஓயாமல் நடந்து வருகிறது. செம்பூருக்குக் கிழக்கே சீட்டா கேம்பில் வாழும் தமிழர் பலருக்கு இப்பேச்சு இன்னும் பழையது. 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டு அங்குக் குடியமர்த்தப்பட்டோரின் குடும்பங்கள் அவை. இத்தகைய குடியிருப்பு ஒன்றின் குழு, கட்டுமானத் திட்டத்துக்கு இசைவளித்துவிட்டதை மராத்தியில் அறிவிப்பதாகக் கொள்வோம். ‘ஆம்ஹீ மான்ய கேலே’ என்றால் குழுவினர் இசைந்தனர். படிப்பவர் இசைந்ததாகப் பொருளில்லை. ‘ஆபண் மான்ய கேலே’ என்றால் படிப்பவரும் இசைந்தவருள் ஒருவர். இவ்விரு வாக்கியங்களும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும். அங்கிருந்து தமிழுக்கு வரும்போது ‘நாம் ஒப்புக்கொண்டோம்’ என்பதோ ‘நாங்கள் ஒப்புக்கொண்டோம்’ என்பதோ மொழிபெயர்ப்பியின் ஊகமாகவே அமையும். இடம்பெயரப் போகும் குடும்பத்துக்கு இது நடை பற்றிய சிக்கலன்று. தாம் அறியாமலே தம் இசைவு பெறப்பட்டதாகத் தமிழ் வாக்கியம் அவர்களுக்குக் கூறக்கூடும்.

இக்குறைக்கு எளிய மறுமொழி உண்டு. இடைமொழியில் ‘உளப்பாடு’ என ஒரு பண்புக்குறியைச் சேர்த்தால் போதாதா? மராத்தியிலிருந்து தமிழுக்கு வரும் வழியில் போதும். ஆங்கிலத்திலிருந்து வரும் வாக்கியத்துக்கு அக்குறியை இடுவோர் யார்? மூலத்தில் இல்லாத செய்தியை இடைமொழியாளர் தாமே முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாமல் விட்டால் தமிழ் ஆக்கத்தில் யாரோ ஒருவர் அல்லது எதுவோ ஒன்று முடிவு செய்யும்.

தமிழ் இதற்கு வைத்திருக்கும் வழி கவனிக்கத்தக்கது. எழுவாயை நீக்கி ‘ஒப்புக்கொண்டோம்’ என்று மட்டும் எழுதினால், ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொதுவாகையால் உளப்பாடு மறைந்துவிடும். மராத்தியில் எழுவாயை நீக்கினால் இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றா வினை எழுவாயோடு இயைவதில்லை. ஆகவே ‘மான்ய கேலே’ என்பதில் தன்மை என்பதே மறைகிறது. யார் இசைந்தனர் என்பதை வாக்கியம் காட்டாது. பேசுவோர் தெளிவாகக் கூறவும் கூறாமல் நழுவவும் ஒரே மொழியில் வழியிருக்கிறது. ஐயத்துக்கிடமாதலைக் குறையாகக் கொண்டு அதனை நீக்க முனைவதே செயற்கை மொழி ஆக்குவோரின் முதற்பணி. ஆனால் குழுவின் செயலாளர் ‘நாம்’ என்றும் எழுதாமல் ‘நாங்கள்’ என்றும் எழுதாமல் ‘ஒப்புக்கொண்டோம்’ என நிறுத்தியது ஏன் என்பதே அவ்வறிவிப்பில் மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டிய செய்தியாக இருக்கலாம்.

பிறர்கூற்றைக் குறிக்கும் ‘ஆம்’ இடைச்சொல்லும் இவ்வகையினதே. ‘வீடு கொடுப்பார்கள்’ என்பது உறுதி. ‘வீடு கொடுப்பார்களாம்’ என்பது கேள்விப்பட்டது, நம்புவதும் நம்பாததும் கேட்போர் பாடு. மராத்தியின் ‘கர் தேணார் ம்ஹணே’ இதற்கு ஏறத்தாழ முழு நிகர். ஆங்கில வழக்கில் ‘என்று கூறுகிறார்கள்’ எனத் தனி வாக்கியம் அமைக்க நேரிடும். அப்போது கூறுவோர் சிலர் வினைமுதலாக உள்ளே புகுந்துவிடுகின்றனர். ‘ஆம்’ எவரையும் சாட்சிக்கு அழைப்பதில்லை. பேசுவோன் தன் பொறுப்பை மட்டும் விலக்கிக்கொள்கிறான். துணைவினைகளில் இச்சிக்கல் மேலும் ஆழமாகிறது. ‘வந்தான்’, ‘வந்துவிட்டான்’, ‘வந்து தொலைந்தான்’ ஆகிய மூன்றிலும் நிகழ்ச்சி ஒன்றே. மூன்றாவதில் வந்தவனைப் பற்றியன்றிப் பேசுவோனின் சலிப்பைப் பற்றியே செய்தி மிகுதி. இ. அண்ணாமலை 1985இல் தமிழ் வினை விரிவாக்கம் பற்றி எழுதிய நூலைப் படித்தோர், இத்துணைவினைகளின் பொருளைப் பட்டியலிட்டு முடிக்க இயலாமையையும் அறிவர்.

மூன்று வட்டாரங்கள், ஓர் எழுத்துத் தமிழ்

மும்பைத் தமிழ் என ஒரே வழக்கு இல்லை. தாராவியில் ‘அவுக வந்தாக’ என்பது கேட்கும். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்ந்த, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கிய மாட்டுங்காவில் ‘வாங்கோ’, ‘எப்போ வந்தேள்’ என்பன கேட்கும். செம்பூரில் இரண்டும், பள்ளியில் பயின்ற பொதுவழக்கும் கலந்து கேட்கும். மூன்றிலும் உயர்வுப் பொருள் ஒன்றே. உயர்வுக்கு ஒரு பண்புக்குறி இட்டுவிட்டால் இடைமொழியின் கடமை முடிந்தது. ஆனால் ‘வந்தேள்’ என்பவர் கேட்பவரை மதிப்பதோடு, தாம் எவ்வீட்டார் என்பதையும் கூறிவிடுகிறார், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். பேசுவோன் கூற எண்ணாததையும் சேர்த்துக் கூறுவது இயற்கை மொழியின் இயல்பு. எந்தக் குறியீட்டு மொழியும் இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

மும்பைச் சொற்கள் தமிழில் புகும் முறையும் இங்கு நோக்கத்தக்கது. ‘நாக்காவுல நில்லு’, ‘கோலிய வித்துட்டான்’ என்பார்கள். நாற்சந்தியைக் குறிக்கும் ‘நாக்கா’வும் அறையைக் குறிக்கும் ‘கோலி’யும் வந்த அன்றே தமிழ் வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டன. தமிழில் ஏற்கனவே சிறுவர் விளையாடும் கோலி இருப்பது எவரையும் இடறவில்லை. பொதுச்சொல் அகராதியில் ஒரு சொல் நுழைய வேண்டுமாயின் அது முதலில் பதிவு பெற வேண்டும். குறி பெற வேண்டும். பின்னரே வாக்கியத்தில் வரலாம். இந்தியும் மராத்தியும் குஜராத்தியும் கலந்து உருவான பம்பாய் இந்திக்கோ அகராதிக் குழுவும் இல்லை, காப்பாளரும் இல்லை. நகரம் முழுவதும் அதில்தான் பேரம் பேசுகிறது.

இங்கு ஒரு தடை எழும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் எழுத்துத் தமிழ் எவர் வீட்டிலும் பேசப்படுவதில்லை. விதி முந்தியும் வழக்கு பிந்தியும் கற்கப்படுகிறது. மேலே கூறிய அளவுகோலின்படி அதுவும் ஒருவகைச் செயற்கை மொழி ஆகாதா? ஓரளவுக்கு ஆகும் என்றே விடை கூற வேண்டும். எழுத்துத் தமிழின் ‘வாருங்கள்’ எவ்வட்டாரத்துக்கும் உரியதன்று. அதனாலேயே தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் ஒரே அறிவிப்பை எழுத முடிகிறது. எனினும் அது அடைபட்ட மொழியன்று. இதழ்களும் புனைகதையும் பேச்சு வழக்கிலிருந்து அதற்குள் நாள்தோறும் சரக்கு இறக்கிக்கொண்டே இருக்கின்றன. ‘நாம் – நாங்கள்’, ‘ஆம்’, ‘விடு’, ‘தொலை’ ஆகிய யாவும் இரு வழக்குக்கும் பொது. எஸ்பெராந்தோவைச் செயற்கைத் தோற்றத்திலிருந்து மீட்டதும் இத்தகைய பேசுவோர் கூட்டமே. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1990 வரை நடந்த டி.எல்.டி. மொழிபெயர்ப்புத் திட்டம் புதிய குறியீட்டை ஆக்காமல் சற்றே திருத்திய எஸ்பெராந்தோவை இடைமொழியாகக் கொண்டதும் இக்காரணம் பற்றியே. வழங்கிய மொழிக்கு உள்ள நெகிழ்ச்சி வரைந்த மொழிக்கு இல்லை என அதன் ஆய்வாளர்கள் கண்டிருந்தனர். அவர்கள் தேர்வு உச்சிதாவின் தேர்வைவிட மொழியியல் நோக்கில் சரியானது. ஆனால் எஸ்பெராந்தோவாலும் ‘நாம்’ யார் என்பதைக் கூற இயலாது.

வரையப்பட்ட இடைமொழிகளின் காலம் முடிந்துவிட்டதெனக் கருதுவோர் உளர். 2016க்குப் பின் பரவிய நரம்பணு வலை மொழிபெயர்ப்பு உறவுகளையும் பொதுச்சொற்களையும் கைவிட்டு, இருமொழித் தொகுதிகளிலிருந்தே கற்றுக்கொள்கிறது. நடை வியக்கத்தக்க வகையில் மேம்பட்டிருப்பது உண்மை. ஆனால் இந்திய மொழிகள் இரண்டுக்கிடையே நேரடித் தொகுதிகள் குறைவாதலால், அவற்றை ஆங்கிலத்தின் வழியே மொழிபெயர்க்கும் முறை பரவலாக நிலவுகிறது. முன்னர் ஆங்கிலத் தலைகளைக் கொண்ட குறியீடு நின்ற இடத்தில் இப்போது ஆங்கிலமே நிற்கிறது. இயற்கை மொழி ஒன்று இடைமொழியாக்கப்படும்போது அதுவும் செயற்கை மொழியைப் போலவே இயங்குகிறது: தன் இலக்கணம் கேட்காததை அது கேட்பதில்லை, கேட்காதது மறுபுறம் வந்து சேர்வதில்லை. ‘ஆபண்’ என்று புறப்பட்டது ‘நாங்கள்’ என்று வந்து சேர்ந்தால், தமிழ் வாக்கியத்தைப் பார்த்து எவரும் பிழை காண இயலாது. நடை செம்மையாக இருப்பதே இங்கு ஆபத்து. பழைய கருவிகள் தட்டுத்தடுமாறி எழுதியபோது படிப்போர் எச்சரிக்கையாயிருந்தனர்.

மராத்தி – தமிழ் மொழிபெயர்ப்பிகளை மதிப்பிடும் சோதனைத் தொகுதிகளுள் சில செய்தி வாக்கியங்களால் ஆனவை. செய்தி நடையில் தன்மைப் பன்மை அரிது. ‘ம்ஹணே’ அதனினும் அரிது. இச்சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெறும் கருவி, குடியிருப்பு அறிவிப்பிலும் மருத்துவமனைச் சாளரத்திலும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அம்மதிப்பெண் காட்டாது. இரு மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் மும்பையில் குறைவில்லை. அவர்கள் ‘ஆம்ஹீ’, ‘ஆபண்’ ஆகிய இரண்டும், எழுவாய் தொக்க வாக்கியங்களும், ‘ம்ஹணே’ முடிபுகளும், ஒருமையிலும் உயர்வுப் பன்மையிலும் அமைந்த ஏவல்களும் கொண்ட சில நூறு இணைகளைக் குடியிருப்புச் சங்க அறிவிப்புகளிலிருந்தும் பள்ளிச் சுற்றறிக்கைகளிலிருந்தும் திரட்டினால், அவற்றைக் கருவிகளின் முன் வைத்து எத்தனை ‘நாம்’ ‘நாங்கள்’ ஆகிறது என எண்ணிப் பார்க்கலாம்.